ஏர் ரைபிள் ரெகுலேட்டர்: செலவைக் குறைக்கப் போய் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறை முடிந்ததும் எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் மேசைக்குத் துப்பாக்கிகள் வரிசையில் வரத் தொடங்கிவிடும். 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடும் பிள்ளைகள், அவர்களைவிட ஆர்வம் மிகுந்த அப்பாக்கள், பழைய துப்பாக்கியைப் பாதி விலைக்கு வாங்கி வந்த கல்லூரி மாணவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரெகுலேட்டர் போய்விட்டது சார்." திறந்து பார்த்தால் அது தானாகப் போகவில்லை என்பது தெரியும். யாரோ ஆலன் கீயை (அறுகோணத் திருகு சாவியை) எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

துப்பாக்கியில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று பார்ப்பது, கண்ணாடி அணிவது, 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காற்று அடைபட்ட எதற்கும் நேராக முகத்தை நீட்டாமல் இருப்பது போன்றவற்றை நான் விளக்கப் போவதில்லை. அவற்றை மறப்பவர் ரெகுலேட்டர் பக்கமே வர வேண்டாம்.

சிலிண்டரில் 200 பார் இருக்கும். சுட்டுக்கொண்டே போக அது குறைந்துகொண்டே வரும். வால்வுக்குப் போகும் காற்று மட்டும் எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் ரெகுலேட்டர். உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதைத் திறந்த நிலையில் தாங்கிப் பிடிக்க, நடுவில் சற்றே குழிந்த எஃகு வாஷர்களின் அடுக்கு ஒன்றும் இருக்கிறது. இவற்றைப் பெல்வில் வாஷர் என்பார்கள். வால்வு அறையில் அழுத்தம் ஏறி அந்த அடுக்கின் விசையை வென்றதும் பிஸ்டன் நகர்ந்து, சீட்டு எனப்படும் இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்கிறது. சுட்டதும் அழுத்தம் இறங்குகிறது, பிஸ்டன் விலகுகிறது, காற்று மறுபடி நிரம்புகிறது. அடுக்கை அழுத்தும் திருகை முடுக்கினால் அடுக்கு இறுகி அழுத்தம் கூடும். அவ்வளவுதான் இயந்திரம்.

இதில் சிறு பிசகு என்ன செய்யும்? 0.53 கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் பெல்லட், வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 10 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் சுமார் 18 மில்லிமீட்டர் கீழிறங்கும். வேகம் வினாடிக்கு 5 மீட்டர் குறைந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் பொட்டின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான். தசமக் கணக்கில் கால் மில்லிமீட்டருக்கு ஒரு தசமம் போகும் என்பதால், நடுவில் விழ வேண்டிய 10.9 இப்போது 10.5 ஆகிவிடும். 60 குண்டு சுடும் பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. எனவே சோதிக்க நினைப்பது சரியான நினைப்புதான். சோதிக்கும் விதத்தில்தான் கோளாறு.

கேஜில் (அழுத்தமானியில்) ஓர் எண்ணைப் பிடிக்கத் துரத்துவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்றவை எல்லாம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் விலையோடு போகும். இது முழு ரெகுலேட்டரையும் கொண்டுபோகும்.

ஓர் அப்பா, மகளுக்காகப் பழைய ரைபிள் ஒன்றை வாங்கி வந்தார். துப்பாக்கி நன்றாகவே சுட்டது. ஆனால் அதே மாடலுக்கு ரெகுலேட்டர் அழுத்தம் இத்தனை பார் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தார். பழைய கேஜில் கண்ணாடி மங்கியிருந்ததால் மலிவான புதுக் கேஜ் ஒன்றை வாங்கிப் போட்டார். அது வீடியோ சொன்னதைவிடப் பத்து பார் குறைவாகக் காட்டியது. அவர் திருகை முடுக்கினார். எண் ஏறியது, வேகம் இறங்கியது. இன்னும் போதவில்லை போலும் என்று மேலும் முடுக்கினார். வேகம் மேலும் இறங்கியது. கடைசியில் திருகின் மரை உருண்டு, சீட்டு நசுங்கி, ரெகுலேட்டர் ஒரு பிளாஸ்டிக் பையில் என் மேசைக்கு வந்தது. அதற்கு மாற்று உள்ளூரில் கிடைக்காது. ஜெர்மனியிலிருந்து வந்து, சுங்க வரியும் கட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண் மாவட்டப் போட்டியை இரவல் துப்பாக்கியில் சுட்டு முடித்திருந்தாள்.

அவர் துரத்திய எண் அந்தக் கேஜில் கிடைக்கவே கிடைக்காது. கேஜின் முகத்தில் சிறிய எழுத்தில் 2.5 என்றோ 1.6 என்றோ ஓர் எண் இருக்கும். அது முழு அளவில் எத்தனை சதவீதம் பிழை இருக்கலாம் என்பதைக் குறிக்கிறது. 250 பார் கேஜில் 2.5 என்றால் ஆறேகால் பார் கூடவோ குறையவோ காட்டலாம். கேஜைச் செய்தவரே ஒப்புக்கொண்ட பிழை அது. இரண்டு கேஜ்கள் எதிரெதிர்த் திசையில் தவறினால் வித்தியாசம் பன்னிரண்டு பாரைத் தாண்டும், இரண்டும் விதிப்படி "சரியான" கேஜ்கள்தான். துப்பாக்கியில் பொருத்தும் பொத்தான் அளவுக் கேஜ்களில் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடுக்க முடுக்க வேகம் ஏன் இறங்கியது என்பது இரண்டாவது பாடம். வால்வை மூடி வைத்திருப்பதும் அதே காற்றழுத்தம்தான். ஹேமர் என்ற சிறு சுத்தியல் வந்து அடித்து அதைத் திறக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் வால்வு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். ஹேமர் ஸ்பிரிங்கோ பழைய பலத்திலேயே அடிக்கும். திறப்பு குறுகும், காற்று குறையும், பெல்லட் மெதுவாகும். ஆக, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் வேகம் ஓர் உச்சம் வரை ஏறி, அதன்பின் இறங்கும். உச்சத்தைத் தாண்டியவருக்குத் திருகு பின்னால் போக வேண்டும். அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், ஏனென்றால் கேஜ் "இன்னும் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கைக்காசு அதிகம் செலவழிக்காமல் உண்மையான அழுத்தத்தை அறிய ஒரு வழி உண்டு. சிலிண்டரை நிரப்பி, ஆறவிட்டு, ஒரே டின்னில் உள்ள பெல்லட்டை, வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வழியே சுட்டுக்கொண்டே போங்கள். சில குண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டர் கேஜ் காட்டுவதையும் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நெடுநேரம் வேகம் ஒரே கோட்டில் நிற்கும். பிறகு ஓரிடத்தில் கோடு உடையும். சில துப்பாக்கிகளில் சற்று ஏறிவிட்டு இறங்கும், சிலவற்றில் நேராக இறங்கும். சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அழுத்தத்தைத் தொட்ட இடம் அதுதான். அதற்குக் கீழே ரெகுலேட்டர் திறந்தே கிடக்கும், அதற்கு வேலை இல்லை.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். துப்பாக்கியில் ரெகுலேட்டருக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கேஜ் இருந்தால், அந்த இடத்துக்குக் கீழே இரண்டும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், அந்த வித்தியாசம் முழுவதும் கேஜ்களின் பொய். அந்த அப்பாவின் துப்பாக்கியில் மாற்று ரெகுலேட்டர் வந்தபின் நான் செய்த முதல் வேலை இதுதான். புதுக் கேஜ் எட்டு பார் குறைத்துக் காட்டியது. ரெகுலேட்டர் தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்திருக்கிறது.

போட்டிக்கான ரைபிள்கள் பலவற்றில் வேகத்தைச் சரிசெய்யத் தனித் திருகு இருக்கும். அது ஹேமர் ஸ்பிரிங்கைத்தான் தொடும். ஓரிரண்டு மீட்டர் வேக வித்தியாசத்துக்கு அது போதும். ரெகுலேட்டரைத் திறக்க வேண்டிய தேவை, மற்றவர்கள் நினைப்பதைவிட மிக அரிதாகவே வரும்.

துல்லியத்துக்காகச் சிறிய அளவுக் கேஜ் வாங்குவது

மேலே சொன்னதைப் படித்த கெட்டிக்காரர் ஒருவர் உடனே கேட்பார்: "அப்படியானால் 100 பார் கேஜ் போட்டால் பிழை குறையுமே?" குறையும். ரெகுலேட்டர் ஒழுங்காக அடைக்கும் வரை. சீட்டில் ஒரு தூசி சிக்கினால் சிலிண்டரில் இருக்கும் 200 பாரும் அந்த 100 பார் கேஜுக்குள் நுழையும். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் சோதனைப் பலகையில் போடும் கேஜ் ரெகுலேட்டர் முற்றிலும் தவறினாலும் தாங்க வேண்டும். முழு அளவில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஏற்றக் கூடாது என்பது கேஜ்களுக்கான பொது விதி. 250 பார் கேஜ் என்றால் சோதனைக்கு 150 பார் அளவே சிலிண்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரைச் சோதிக்க அதுவே ஏராளம்.

அழுத்தம் இருக்கும்போதே திருகைத் தளர்த்துவது

தளர்த்தியும் எண் இறங்கவில்லை, அதனால் இன்னும் தளர்த்தினேன் என்பார்கள். எப்படி இறங்கும்? வால்வு அறையில் ஏற்கெனவே அடைபட்ட காற்று எங்கே போகும்? சுட்டால்தான் வெளியேறும். அதுவரை பிஸ்டன் கூடுதல் விசையோடு சீட்டில் அழுந்தி நிற்கும். சீட்டு மென்மையான பிளாஸ்டிக் வகை. பிஸ்டனின் விளிம்பு அதில் தடம் பதித்துவிட்டால் பிறகு ஒழுங்காக அடைக்காது.

சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றியபின்னும் துப்பாக்கிக்குள் காற்று நிற்கும், அதைப் பாதுகாப்பான திசையில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். ஒரு பையன் "ட்ரை ஃபயர்" நிலையில் வைத்து ட்ரிகரை இழுத்துக்கொண்டே இருந்தான். அந்த நிலையில் ட்ரிகர் மட்டும்தான் வேலை செய்யும், காற்று ஒரு துளிகூட வெளியேறாது. காற்றின் சத்தம் கேட்டு, அது தேய்ந்து நின்ற பிறகே திருகைத் தொட வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

அன்றைக்கே தீர்ப்பு எழுதுவது

ரெகுலேட்டர் கெட்டிருந்தால் அது பெரும்பாலும் ஓய்வில்தான் தெரியும். தொடர்ந்து சுடும்போது எல்லாம் அழகாக இருக்கும். இரவெல்லாம் சும்மா வைத்தால், அடைபடாத சீட்டு வழியே காற்று மெல்லக் கசிந்து வால்வு அறையின் அழுத்தம் ஏறிவிடும். மறுநாள் காலை முதல் குண்டு மட்டும் தனியாகப் போகும். எனவே மாலையில் பத்துக் குண்டு சுட்டு வேகத்தை எழுதி வையுங்கள், காலையில் முதல் குண்டை அதோடு ஒப்பிடுங்கள். வேகம் கூடியிருந்தால் கசிவு. குறைந்திருந்தாலும் கசிவாக இருக்கலாம், அழுத்தம் அதிகம் ஏறி ஹேமரால் வால்வைத் திறக்க முடியாமல் போயிருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பொறுமை இல்லாததால்தான் யாரும் செய்வதில்லை.

நிரப்பிய சூட்டோடு அளப்பது

காற்றை வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 45 டிகிரியில் 200 பார் காட்டியது, குளிர்சாதன அறையில் 24 டிகிரிக்கு ஆறியதும் சுமார் 187 தான் காட்டும். எங்கும் கசியவில்லை. இதற்காக ஓ-ரிங் அத்தனையையும் மாற்றியவரை எனக்குத் தெரியும்.

டியூப் லைட்டுக்குக் கீழ் குரோனோகிராஃப்

மலிவான குரோனோகிராஃப்கள் வெளிச்சத்தின் மேல் நிழல் விழுவதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகின்றன. பழைய டியூப் லைட் வினாடிக்கு நூறு முறை மின்னும். கருவி அதையும் பெல்லட் என்று நம்பி வாய்க்கு வந்ததைச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் சுடுங்கள், அல்லது மினுக்காத விளக்கு வையுங்கள். வினாடிக்கு 170, 171, 204, 169 என்று வந்தால் அந்த 204 துப்பாக்கியுடையது அல்ல.

வாஷர்களைக் கொட்டிவிட்டு அடுக்குவது

பெல்வில் வாஷர்களை ஒரே திசையில் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்த்தினால் விசை கூடும். ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் விசை அப்படியே இருக்க, அசையும் தூரம் கூடும். ஒரே எண்ணிக்கை வாஷர், அடுக்கும் விதத்தால் அழுத்தம் வேறு. கழற்றுவதற்கு முன் செல்பேசியில் ஒரு படம் எடுங்கள்.

காற்றுத் துளையை அடைப்பது

ரெகுலேட்டர் உடலில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். அங்கிருந்து காற்று வந்தால் உள்ளே ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதை ஒட்டி அடைத்துவிட்டுக் கசிவு நின்றுவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. வாஷர் அறைக்குள் அழுத்தம் சேர்ந்தால் ரெகுலேட்டர் சொன்ன பேச்சைக் கேட்காது.

எண்ணெய்

சிலிக்கோன் கிரீஸ், அதுவும் விரலில் பட்டும் படாமலும். தையல் மெஷின் எண்ணெய், வண்டிக் கிரீஸ் எதுவும் கூடாது. அதிக அழுத்தக் காற்று திடீரெனப் பாயும்போது பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கலாம்.

மரை

சோதனைப் பலகைக்குப் பாகங்களை ஹைட்ராலிக் கடையில் வாங்குவது மிச்சம்தான். ஆனால் எம்10×1 மரையும் (புரி இடைவெளி ஒரு மில்லிமீட்டர்) அரைக்கால் அங்குல பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரையும் பார்வைக்கு ஒன்றே. ஒன்றின் விட்டம் 10 மில்லிமீட்டர், மற்றதன் விட்டம் 9.73. ஒன்றுக்குள் மற்றொன்று இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். இறுகியதைப் "பிடித்துக்கொண்டது" என்று நினைத்து ஸ்பேனரால் முடுக்கி 150 பார் ஏற்றினால், கேஜ் கழன்று பறக்கும். கையால் கடைசிச் சுற்று வரை போகாத எதையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சிலிண்டர் தேதி

போட்டி ரைபிள் சிலிண்டர்களின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பத்து ஆண்டுதான் ஆயுள் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தாண்டிய சிலிண்டரில் நான் காற்று ஏற்றுவதில்லை. பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் படித்துவிட்டு, புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.