ஃப்ரீன்னு போட்டிருந்தா எல்லாம் ஃப்ரீ இல்லைங்க

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில நம்ம டிடிபி கடைக்கு வர்ற பசங்க பாதிப் பேரு "அண்ணா, இது ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே, நம்ம கடையில போட்டுக்கலாமா"ன்னு கேக்குறாங்க, அங்கதாங்க சிக்கலே. லிப்ரெ ஆபிஸ் (டைப் அடிக்க), ஜிம்ப் (போட்டோ வேலைக்கு), இங்க்ஸ்கேப் (டிசைன் வரைய) எல்லாம் தாராளமா கடையில வெச்சு சம்பாதிக்கலாம், பத்து சிஸ்டத்துல ஏத்தலாம், பக்கத்து கடைக்கு காப்பி போட்டும் குடுக்கலாம், லைசென்ஸே அத அனுமதிக்குது (கேரளா ஸ்கூல்ல நம்ம புள்ளைங்க கம்ப்யூட்டர் படிக்கிறதே விண்டோஸுக்குப் பதிலா இதே மாதிரி ஃப்ரீயான லினக்ஸ்லதான்). ஆனா தூரத்துல இருக்குற கம்ப்யூட்டர இங்கிருந்தே இயக்குற எனிடெஸ்க் மாதிரி சிலது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் ஃப்ரீ, கடைன்னா காசு கட்டணும். ஃபைல சுருக்கி, விரிக்கிற வின்ரார் 40 நாள் ட்ரையல், அதுக்கப்புறமும் ஓடுதேன்னு அது ஃப்ரீ ஆயிடாது, பேசாம அதே வேலைய ஃப்ரீயா செய்யுற 7-ஜிப் போட்டுக்கங்க.

ஃபான்ட்டும் அப்படித்தான். ஃப்ளெக்ஸ் அடிக்க கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்குற கட்டமரன், முக்தா மலர் எடுத்துக்கங்க, ரெண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், கடை வேலைக்கும் தாராளமா போடலாம்.

இன்னொண்ணு, டவுன்லோடு. ஒரு தடவ கல்யாண பத்திரிகை வேலை அவசரத்துல ஏதோ ஒரு சைட்ல பெரிய பச்சை பட்டனை அமுக்கிட்டேன், கேட்டது ஒண்ணு, கூட வந்தது ரெண்டு டூல்பாரு, அன்னைக்கு ராத்திரி ஃபார்மேட்டே அடிச்சேன். அதனால செஞ்சவங்களோட சொந்த சைட்லயே எடுங்க. அங்க எஸ்ஹெச்ஏ-256ன்னு நீளமா ஒரு நம்பர் (ஃபைலோட கைரேகை மாதிரி) குடுத்திருந்தா, ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி 7-ஜிப் மெனுவுலயே அத எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த ஃபைல தொடாதீங்க.