சிறுபராய நினைவுகளில் மனிதர்களை உயிரோடு எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சிறுபராயத்தை எழுத உட்காரும் பலர் இப்படித் தொடங்குகிறார்கள்: "எங்கள் அப்பு கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர்." எந்த ஊர் அப்புவுக்கும், அதாவது தாத்தாவுக்கும், இந்த வரி பொருந்திவிடும். உங்கள் அப்பு ஒருவருக்கே பொருந்தும் வரிகளை எழுதும் வழியை, ஒரு கற்பனை அப்புவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரேயொருவரைத் தெரிவு செய்யுங்கள். முதல் அத்தியாயத்திலேயே குடும்பம் முழுவதையும் முற்றத்தில் நிறுத்தினால் வாசகருக்கு ஒருவரும் நினைவில் நிற்கமாட்டார்.

அடுத்து, குணங்களை ஒதுக்கிவிட்டு அவருடைய கைகளைக் கவனியுங்கள். படலையை எப்படிச் சாத்துவார்? தேநீருக்குப் பனங்கட்டியை எப்படிக் கடிப்பார்? நாள்தோறும் செய்த வேலைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் காலமும் கூடவே வரும். 1990இல் யாழ்ப்பாணத்தின் மீது இலங்கை அரசின் பொருளாதாரத் தடை தொடங்கிய பின் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவில் வானொலியை இயக்கி பிபிசியின் தமிழோசை கேட்ட வீடுகள் பல. "தடை எங்களை வாட்டியது" என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

"தமிழோசை தொடங்கியதும் அப்பு கையை உயர்த்துவார். பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியைச் சுற்றுவது என் வேலை. என் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். 'சுற்று மோனை' என்பார், வானொலியிலிருந்து கண்ணை எடுக்காமல்."

கண்டிப்பு என்ற சொல் இதில் எங்குமே இல்லை. ஆனால் இவ்வளவு கவனமாக எந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறார் என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கேள்வி எழுந்தால் பாத்திரம் எழுந்து நடக்கிறது என்று பொருள்.

மூன்றாவது படிதான் மிகக் கடினமானது: பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் போரால் இடம்பெயர்ந்ததை எட்டு வயதுப் பிள்ளை "வரலாற்றுத் துயரம்" என்று பார்த்திருக்காது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அதன் கண்ணுக்கு எட்டியவை பெரியவர்களின் முழங்கைகளும், சைக்கிள் கரியரில் கட்டிய பாயும், அப்புவின் நனைந்த சாரமும்தான். பின்னாளில் நீங்கள் அறிந்துகொண்டவற்றையும் தாராளமாக எழுதலாம். வளர்ந்தவரின் குரலில், தனி வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டு குரல்களும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் பிள்ளை காணாமல் போய்விடும்.

பிறகு, அவருடைய குணத்தோடு ஒட்டாத ஒரு செயலைத் தேடுங்கள். ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து ஊற்றும் அதே அப்பு, பரீட்சைக்குப் படிக்கும் அயல்வீட்டுப் பையனுக்கு அந்த விளக்கையே கொடுத்துவிட்டு இருட்டில் திண்ணையில் இருந்தால், அதை விளக்காமல் அப்படியே விடுங்கள். "உண்மையில் நல்ல மனம் கொண்டவர்" என்று ஒரு வரி சேர்த்தாலும் காட்சி செத்துவிடும்.

பேச்சு குறைவாக இருக்கட்டும். ஊர்ப்பேச்சை உரையாடலில் மட்டும் வையுங்கள்.

உயிரோடிருப்பவர்களின் மானத்தைத் தொடும் இடங்களில் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். நினைவில் இல்லாததைப் புனைந்து நிரப்ப வேண்டாம். எழுதியதை உடன்பிறந்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "சைக்கிள் சுற்றியது நீயில்லை, நான்" என்று அக்கா சண்டைக்கு வந்தால், அந்தச் சண்டையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பாத்திரம் அக்காதான்.