நாசிக் தேதியில் பழனி மலைத் திராட்சைக்குக் கத்தரி வைக்காதீர்கள்

போன ஐப்பசியில் பண்ணைக்காடு பக்கம் ஒரு தம்பி தன் தோட்டத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். ஐடி வேலையை விட்டுவிட்டு, ஒயினுக்கென்றே சரிவில் திராட்சை வைத்திருப்பவர். நான் போனபோது கத்தரியும் கையுமாக நின்றார். பாதிக் கொடிகளுக்குக் கவாத்து முடிந்திருந்தது. "நாசிக்ல இப்பதான் அண்ணே வெட்டுறாங்க" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நானும் இதே வேலையைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

சொட்டுநீர், பந்தல் கம்பி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரே சொல்லிவிடுவார். மலையில் ஒயின் திராட்சை வைப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரவல் தேதியில் கவாத்து

மகாராஷ்டிராவின் ஒயின் திராட்சை ஊரான நாசிக்கில் காய்க்கான கவாத்து செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நடக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே ஓய்கிற நேரம் அது. துளிர், பூ, காய் எல்லாம் வறண்ட குளிரில் வளர்ந்து, பிப்ரவரி மார்ச்சில் அறுவடை. நமக்கோ அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே பிடிக்கிறது. அப்போது வெட்டினால் இளந்துளிர் மழைக்குள் பிறக்கும். நாற்பது நாள் கழித்துப் பூ விரியும்போது நவம்பர் மூட்டம் காத்திருக்கும்.

என் முதல் வருடம் அப்படித்தான் போனது. இலையின் மேல்பக்கம் எண்ணெய் சொட்டியது போல் மஞ்சள் திட்டு. திருப்பினால் மாவு தூவியது போல் வெள்ளை. அடிச்சாம்பல் நோய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, 100 லிட்டர் தண்ணீர் என்று போர்டோ கலவை போட்டு மாலையில் அடிப்பேன். ராத்திரி மழை கழுவிவிட்டுப் போகும். கொத்தைத் தொட்டால் பூ உள்ளங்கையில் உதிர்ந்தது. இரண்டு ஏக்கர் விளைச்சல் ஒரே ஜீப்பில் ஏறிவிட்டது. வாங்க வந்தவர் மானியில் பிரிக்ஸ், அதாவது சாற்றின் சர்க்கரை அளவு, பார்த்தார்: 15. ஒயினுக்கு 21, 22 வேண்டும். "ஜூஸுக்குப் போடுங்க" என்றார். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்து கொடியைத் தூங்க வைக்கும். இங்கே கொடி தூங்குவதே இல்லை. அதை எழுப்புவது நம் கத்தரி. அதனால் எந்த மாதத்து வெயிலும் பனியும் பழத்துக்குள் போகவேண்டும் என்பதை நாம் வெட்டும் தேதிதான் முடிவு செய்கிறது. நான் இப்போது மார்கழி நடுவில், மழை விட்ட பிறகு வெட்டுகிறேன். பூ மாசிக்கு முன்னால் வறண்ட காற்றில் விரிகிறது. கீழே கம்பத்தில் பன்னீர்த் திராட்சை கவாத்திலிருந்து பழுக்க ஆகும் நாட்களோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், மேலே குளிர் அதிகம். ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது. சித்திரை இடிமழையில் பழம் வெடிக்கும்.

தெற்குச் சரிவு மோகம்

ஐரோப்பிய ஆட்களுக்குத் தெற்குச் சரிவு பொன், அங்கே உச்சிவெயில் தெற்கிலிருந்துதான் விழும். நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்தே விழுகிறது. இங்கே பார்க்கவேண்டியது கிழக்கு. காலை வெயில் இலைப்பனியைச் சீக்கிரம் காய வைக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும், மேற்குச் சரிவுக்கு மிச்ச வெயில்தான்.

கறுத்த மண்ணைக் கண்டு மயங்குவது

சரிவின் அடியில் மேல்மண் வந்து சேர்ந்த இடம் வாழைக்கு ஏற்றது. திராட்சை அங்கே இலையாகவே பெருக்கும். பழம் பெரிது, சாறு தண்ணீர். மேலே சரளை கலந்த செம்மண்ணில் பழம் சிறுக்கும். நிறமும் மணமும் பெரும்பாலும் தோலில்தான், சிறிய பழத்தில் சாற்றுக்குத் தோல் அதிகம். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு இடுங்கள். மழைக்கு முன் கல்கட்டைச் சரிபாருங்கள்.

பள்ளத்தில் நடுவது

குளிர்காற்று தண்ணீர் மாதிரி, இரவில் இறங்கி அங்கேதான் தேங்கும். வேண்டாம்.

சர்க்கரையை மட்டும் பார்த்து அறுப்பது

100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு எரிந்து போகாமல் நிற்கிறது. மலை ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான், அளவு மீறினால் நாக்கு கூசும். மானி 21 காட்டினாலும் ஒரு விதையை எடுத்துக் கடியுங்கள். பச்சை மாறாமல் துவர்த்தால் இன்னும் ஒரு வாரம் கொடியிலேயே இருக்கட்டும்.