எஃப்-150 ஸ்பார்க் பிளக்கை உடைக்காமல் கழற்றுவது
2004 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு வி8 என்ஜின் இருந்தால் அவசரமே படாதீர்கள். சாதாரணமாகத் திருகினால் பிளக் பாதியில் முறிந்து அடித்துண்டு சிலிண்டர் ஹெட்டுக்குள் (என்ஜினின் மேல்பகுதி) நின்றுவிடும், ஏனென்றால் அந்த அடித்துண்டு நீளமான தனிக் குழாய், சுற்றிலும் கரி படிந்து இறுகிப்போகிறது.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி, பிளக் குழிக்குள் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். பிளக்கை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் கொஞ்சம் விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, தளர்த்தி, கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவர வேண்டும். இறுக்கம் கூடினால் திரும்பவும் கிளீனர் விட்டுக் காத்திருங்கள். இம்பாக்ட் கன் (அடித்து அடித்துத் திருகும் பவர் கருவி) பக்கமே போகாதீர்கள். முறிந்தே போனாலும் ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள், துண்டை இழுப்பதற்கென்றே லைல் 65600 கருவி இருக்கிறது.

புதிதாகப் போட ஒரே துண்டாகச் செய்த பிளக்தான் என் தேர்வு, சாம்பியன் 7989 மாதிரி. ஃபோர்டின் சொந்த பிராண்டான இரண்டு துண்டு மோட்டார்கிராஃப்ட்தான் வேண்டுமென்றால் கீழ்க்குழாயின் வெளிப்புறத்தில் நிக்கல் ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள், எலக்ட்ரோடில் படவே கூடாது. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) 34 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.