லேசர் பிரின்டருக்கு ஏற்ற தமிழ் எழுத்துரு: சுழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சொல்லித்தான் நமக்கு எழுத்துப் பழக்கினார்கள். அந்தச் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிட்டால் மணம் எது, மனம் எது என்று வாசிப்பவர் தடுமாறுவார். வீட்டு லேசர் பிரின்டரில் கையேடோ பாடக்குறிப்போ அச்சிடுகிறவர்கள் எழுத்துருவில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெள்ளையைத்தான்.

அம்மாவின் சமையல் குறிப்புகளை 40 பக்கமாகத் தொகுத்து அச்சிட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. திரையில் அவ்வளவு அழகாக இருந்த எழுத்துரு, தாளில் ஒவ்வொரு ஞ-வையும் கருந்திட்டாக ஆக்கியிருந்தது. ‘இஞ்சி’யை அம்மா ஊகித்துத்தான் படித்தார்.

காரணம் எளிது. லேசர் பிரின்டரில் இருப்பது திரவ மை அல்ல, டோனர் என்னும் நுண்பொடி. உருளையில் லேசர் வரைந்த வடிவத்தில் பொடி ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பதிகிறது. அப்போது ஓரங்களில் கொஞ்சம் பரவும். சின்னச் சுழிகள் அடையும். மிக மெல்லிய கோட்டிலோ பொடி சரியாகப் பிடிக்காமல் இடையிடையே விட்டுப்போகும்.

600 டிபிஐ பிரின்டர் என்றால் ஓர் அங்குலத்தில் 600 புள்ளிகள். அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பதால், 11 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரமே சுமார் 92 புள்ளிகள். அதற்குள்தான் மேல்விலங்கு (‘வி’, ‘வீ’ எழுத்துகளின் மேல் வளைவு), சுழி, கீழே இறங்கும் வளைவு எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு புள்ளி அகலக் கோட்டில் ஒன்று குறைந்தால் பாதிக் கோடு போய்விடும்.

இந்தச் சிக்கல் பழையதுதான். 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட்டும் 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரும் 300 டிபிஐ மட்டுமே. அப்படிப்பட்ட பிரின்டர்களிலும் உடையாமல் நிற்க வேண்டும் என்றுதான் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1987-இல் ‘சார்ட்டர்’ எழுத்துருவை வரைந்தார். திடமான கோடுகள், எளிய வளைவுகள். உங்கள் கையேட்டில் ஆங்கிலமும் கலந்து வந்தால் இன்றும் நான் அதையே சொல்வேன். தலைமுடி போன்ற கோடுகள் கொண்ட ‘போடோனி’ வகையைச் சிறிய அளவில் தொடாதீர்கள்.

1. பிரின்டரைச் சரிசெய்யுங்கள்

டோனர் சிக்கன முறையை அணைத்துவிடுங்கள். 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் வையுங்கள். பக்கத்துக்குள் அடக்கும் ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், 100% அளவில் அச்சிடுங்கள். இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமலே 11 பாயின்ட் சுருங்கிவிடும்.

2. நான்கு எழுத்துருக்களை எடுங்கள்

நாற்பது வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். விண்டோஸின் லதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (புதிய விண்டோஸில் அதைக் கூடுதல் எழுத்துருவாக நிறுவ வேண்டியிருக்கும்). கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடுவதால் இவை பொடிக்கு ஈடுகொடுக்கும். நோட்டோ செரிஃப் தமிழில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். எனக்குப் பிடித்த எழுத்துரு, ஆனால் 12 பாயின்டுக்குக் கீழே பயன்படுத்த மாட்டேன்.

3. சோதனைத் தாள் தயாரியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். ஏதோ ஒரு பத்தியை ஒட்டி அச்சிட்டால் எதுவும் தெரியாது. குழப்பம் வரக்கூடிய இணைகளையே எழுத வேண்டும். என்னுடைய தாளில் இருப்பவை இவை:

பணி பனி, மணம் மனம்
விடு வீடு, பிடி பீடி
பல பல், கண கண்
இஞ்சி, ஞாயிறு, தூண், மூழ்கு, ஹூ

முதல் வரி சுழிகளுக்கு. இரண்டாவது, மேல்விலங்கின் நுனிச் சுழி நிரம்பி ‘வீ’ என்பது ‘வி’ போல ஆகிறதா என்று பார்க்க. மூன்றாவது புள்ளிக்கு, புள்ளி சிறுத்த எழுத்துருக்கள் இங்கே மாட்டிக்கொள்ளும். கடைசி வரியில் நெரிசலான எழுத்துகள்.

ஒவ்வோர் எழுத்துருவிலும் இவற்றை 9, 10, 11, 12 பாயின்ட்களில் போடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே பாயின்டில் எல்லா எழுத்துருவும் ஒரே அளவாகத் தெரியாது. 12 பாயின்டில் ‘விஜயா’ என்ற எழுத்துரு, அதே அளவு லதாவின் பக்கத்தில் மிகச் சிறிதாகத் தெரியும். அதனால் எண்ணை நம்பாமல், ‘க’ ஒரே உயரம் வரும்படி அளவை மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

4. படிக்கக் கொடுங்கள்

நீங்கள் மட்டும் பார்த்தால் போதாது. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியும். வீட்டில் வயதான ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தில் பென்சிலால் குறியுங்கள். கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், தாளை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து அதையும் படிக்கக் கொடுங்கள். அசலில் தப்பிய சுழி நகலில் தப்பாமல் போகலாம்.

5. தடிமனும் இடைவெளியும்

மெலிவாகத் தெரிந்தால் ‘மீடியம்’ தடிமனைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கோட்டை வெறுமனே ஊதவைக்கும். சுழி முழுதாக அடைபடும். சாம்பல் நிற எழுத்தும் வேண்டாம். கறுப்பு டோனர் சாம்பலைப் புள்ளிகளாகத் தூவித்தான் காட்டும், ஓரங்கள் பிசிறும்.

தமிழில் ‘மூ’ கீழே இறங்கும், ‘வீ’ மேலே ஏறும். 11 பாயின்ட் எழுத்துக்கு வரியிடைவெளியை 16 பாயின்டில் தொடங்கிப் பாருங்கள்.

கடைசியாக, கோப்பை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கி அச்சிடுங்கள். வேறு கணினியில் திறந்தாலும் எழுத்துரு மாறாது. தேர்ந்தெடுத்த சோதனைத் தாளில் தேதி எழுதி பிரின்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டோனர் மாற்றியதும் அதே தாளை இன்னொரு முறை அச்சிட்டு, பழையதோடு சேர்த்துப் பிடித்து ஞ-வைப் பாருங்கள்.