சீருடையைக் கழற்றிவிட்டு வந்தால் நாற்காலி இருக்குமா?

அக்கா மகன் அமெரிக்க ராணுவ ரிசர்வில், அதாவது வெளி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணிபுரியும் படையில், சேர்ந்துவிட்டான். அடிப்படைப் பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் சில வாரம். முட்டி தேயுமே என்ற பயம் அவனுக்கு இல்லை. "மாமா, திரும்பி வர்றப்ப வேலை இருக்குமா?" என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வருடம் ரிசர்வில் இருந்தவன் நான். ஒன்பது மாத டிப்ளாய்மென்ட் (ராணுவப் பணிக்கு அனுப்பப்படுவது) முடிந்து வந்தபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவன். அவனுக்குச் சொன்னது இது.

நமக்குத் துணை, ராணுவக் கடமைக்குப் போய்வருபவரின் வேலையைக் காக்க 1994இல் வந்த 'யூஸெரா' சட்டம். ரிசர்வுக்கும், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டுக்கும் பொருந்தும். ஒரே ஒரு ஊழியர் உள்ள நிறுவனம்கூட இதற்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் நம் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் சட்டத்தைக் கூப்பிட்டால் அது பாதி வழியில் நின்றுவிடும்.

முதல் வேலை, போவதை முன்கூட்டியே சொல்வது. வாயால் சொன்னாலே போதும் என்கிறது சட்டம். போதாது என்கிறேன் நான். காபி மெஷின் பக்கத்தில் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனவன் நான். திரும்பி வந்தபோது அந்த மேனேஜரே அங்கு இல்லை. அதனால் மெயில் போடு. ஹெச்ஆருக்கும் நகல் போகட்டும். கிளம்பும் தேதி, உத்தேசமாகத் திரும்பும் தேதி, ராணுவக் கடமைக்காகப் போகிறேன் என்ற ஒரு வரி. இவ்வளவுதான். நகலை உன் சொந்த மெயிலுக்கும் அனுப்பிக்கொள். ஆபீஸ் மெயில் பூட்டிப்போனால் பிறகு தேட முடியாது. அனுமதி கேட்கும் தொனி மட்டும் வேண்டாம். இது தகவல், விண்ணப்பம் அல்ல. சேர்த்துவைத்த விடுமுறையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. உனக்கு இஷ்டமானால் எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவக் காப்பீட்டை 24 மாதம் வரை தொடரலாம். 30 நாளுக்கு மேல் போகிறவரிடம் முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கேட்பார்கள். ராணுவக் காப்பீடு கையில் இருக்கும்போது இது தேவையா என்று கணக்குப் போட்டுப் பார்.

திரும்பி வரும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 30 நாள் வரையிலான சேவை என்றால், வீடு வந்து 8 மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் முதல் ஷிஃப்டுக்குப் போய் நிற்கவேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பம். அதற்கும் மேல் என்றால் 90 நாள். சேவையில் காயம்பட்டுத் தேறிக்கொண்டிருந்தால் பொதுவாக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஒரே முதலாளியிடமிருந்து இப்படிப் போய்வரும் காலம் மொத்தம் ஐந்து வருடத்தைத் தாண்டக்கூடாது. மாதாந்திர டிரில், வருடப் பயிற்சி இரண்டும் அந்தக் கணக்கில் சேராது.

இனி அந்த நாற்காலிக்கு வருவோம். "ஆள் போட்டாச்சு, ராத்திரி ஷிஃப்ட் தர்றோம், சம்பளம் அதேதானே" என்றார்கள். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது! ஆனால் வேறொருவரை அமர்த்தியது சாக்காகாது. இந்தச் சட்டம் வேலையை எஸ்கலேட்டர் மாதிரி பார்க்கிறது. நீ இறங்கிய படிக்குத் திரும்புவதில்லை. இங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் எந்தப் படியில் நின்றிருப்பாயோ அதில் ஏறுகிறாய். இடையில் வந்திருக்கக்கூடிய சம்பள உயர்வும் சீனியாரிட்டியும் சேர்த்து. அதே எஸ்கலேட்டர் கீழேயும் இறங்கும்: உன் பிரிவையே மூடியிருந்தால் உன் வேலையும் போயிருக்கும். 180 நாளுக்கு மேல் சேவை செய்து வந்தவரை, தகுந்த காரணம் இல்லாமல் ஒரு வருடத்துக்கு நீக்க முடியாது.

மறுத்தால் எடுத்த எடுப்பில் வக்கீலிடம் ஓடாதே. பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் 'ஈஎஸ்ஜிஆர்' அமைப்பு இலவசமாக நடுவில் நின்று பேசும். எனக்கு அங்கேயே முடிந்தது. சட்டம் தெரியாத மனிதர்கள்தான் அதிகம், கெட்டவர்கள் குறைவு. அப்படியும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையில் படைவீரர்களின் வேலை விவகாரங்களைப் பார்க்கும் 'வெட்ஸ்' பிரிவில் 1010 எண் படிவத்தில் புகார் கொடுக்கலாம்.

முதல் மெயிலை அவனையே எழுதச் சொன்னேன். நேற்று எனக்கு அனுப்பியிருந்தான். "தயவுகூர்ந்து அனுமதிக்கவும்" என்று ஆரம்பித்திருக்கிறான், தேதியைக் காணோம். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.