உப்புப் போத்தல் கசியும்போது: திருகோணமலையில் ஹெவி மெற்றல் சேகரிப்பைக் காப்பது எப்படி

திருகோணமலையில் ஹெவி மெற்றல் என்னும் இரைச்சல் மிகுந்த ராக் இசையைக் கேட்டு வளர்ந்த ஒருவருடைய அறையில் அண்ணாமாரிடமிருந்து கைமாறி வந்த கசெற்றுகளும், ஒரு மின்கிற்றாரும், ஓர் அடுக்குக் கறுப்பு ரீசேட்டுகளும் எப்படியோ சேர்ந்துவிடுகின்றன. இவற்றை எங்கள் ஊரில் வைத்துக் காப்பாற்றுவது கண்டியிலோ கொழும்பின் உட்பகுதியிலோ வைத்துக் காப்பாற்றுவதைப் போன்றதல்ல. ஊரின் உப்புவெளிப் பகுதியில் என் அறையிலிருந்து நான்கு வளவு கடந்தால் கடல் வந்துவிடும். அலையிலிருந்து எழும் நுண்ணிய உப்புத்துளிகள் யன்னல் வழியாக வந்து எல்லாவற்றின்மீதும் படிகின்றன. பல வருடங்களாக இந்த உப்போடு மல்லுக்கட்டியதில் நான் அறிந்துகொண்டவற்றை, இதே கரையில் இதே இசையை நேசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சமையலறைக்குப் போய் உப்புப் போத்தலைப் பாருங்கள். வைகாசியில் பொலபொலவென்று கொட்டும் உப்பு, கார்த்திகையில் அடியில் நீர்கட்டிக் கசிந்து நிற்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்குவதுதான் இதற்குக் காரணம். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ 33 சதவீத அளவிலேயே நீரை இழுக்க ஆரம்பித்துவிடும். போத்தலில் நடக்கும் இதே காரியம் கிற்றார் தந்தியில் படிந்த உப்பிலும் நடக்கிறது. உலர்ந்து கிடக்கும்வரை அந்த உப்பு பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஈரம் ஏறியதும் அது உப்புநீர்ப் படலமாக மாறி, உருக்கைத் துருப்பிடிக்க வைக்கும் மின்னிரசாயன வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு: படிந்த உப்பைத் துடைத்தெடுப்பது, எஞ்சியதற்கு ஈரம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. இனி நான் சொல்லும் எல்லா வேலைகளும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

ஈரத்தைக் கட்டுப்படுத்த முதலில் அதை அளக்க வேண்டும். சிறிய இலக்க ஈரப்பதன்மானி ஒன்றை வாங்குங்கள். மலிவானதே போதும், ஆனால் அதைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். சோதிப்பதற்கும் உப்பே உதவுகிறது. ஒரு போத்தல் மூடியில் தூளுப்பை நிரப்பி, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சில துளி நீர் விட்டு, மூடியையும் மானியையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப்புகாத பொலித்தீன் பையொன்றுக்குள் வைத்து ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவிடுங்கள். பைக்குள் ஈரப்பதன் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று ஒரு துண்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். கல்லுப்பில் மற்ற உப்புகளும் கலந்திருப்பதால் இந்தச் சோதனைக்குச் சுத்திகரித்த தூளுப்பே நல்லது. மரத்தாலான கிற்றாருக்கு 45 முதல் 55 சதவீதம் உகந்தது என்பார்கள். மாரிகாலத்தில் திறந்த அறையொன்றில் 80ஐத் தாண்டுவது எங்கள் ஊரில் வழமை.

வேலைகளைக் காற்றின் திசையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து மழையையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அந்த மாதங்களில் பெட்டிகளைத் தேவையில்லாமல் திறக்காமல் பாதுகாப்பதோடு நின்றுவிட வேண்டும். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று தரையைக் கடந்து சூடாகவும் வறண்டும் வருகிறது. கசெற்றுகளைத் திறந்து பார்ப்பது, கிற்றாரைப் பிரித்து எண்ணெயிடுவது, அலுமாரியைக் காலிசெய்து துடைப்பது ஆகிய அனைத்தையும் அப்போது செய்யுங்கள். உச்சி வெயிலில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம்.

கிற்றாருக்கு வருவோம். பலர் துருவை அழகுக்குறைவாக மட்டுமே எண்ணுகிறார்கள். மெற்றல் இசைப்பவருக்கு அது ஒலியின் இழப்பு. தடித்த மூன்று தந்திகளும் உருக்கு நடுக்கம்பியின்மீது நிக்கல் பூசிய கம்பி சுற்றப்பட்டவை. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் உப்பும் புகுந்து கெட்டியானதும் ஒலிக்குக் கூர்மை தரும் மேற்சுரங்கள் அடங்கிவிடுகின்றன. உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே வைத்து அமுக்கி மீட்டும்போது கிடைக்க வேண்டிய அந்தக் கடித்த ஒலி, ஈரத்துணியை அடித்ததுபோலச் செத்துப்போகிறது. கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்ப்பில் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, கூட்டினாலும் அது திரும்பி வராது. சுற்றில்லாத மெல்லிய மூன்றிலும் துரு இன்னும் விரைவாகப் புள்ளியிடும். அவை பெரும்பாலும் பாலத்தில் தொடும் இடத்திலேயே அறும்.

தாழ்ந்த சுருதியை விரும்புபவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. இந்த இசையின் தாழ்ந்த சுருதிக்குப் பின்னால் ஒரு காயத்தின் கதை இருக்கிறது. பேர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழுவின் கிற்றார் கலைஞர் ரோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்தபோது வலதுகையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடதுகைப் பழக்கமுள்ள அவர் தந்திகளை அழுத்துவது அந்த வலதுகையால்தான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைக் கட்டிக்கொண்டு அவர் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். 1971இல் வெளிவந்த குழுவின் மூன்றாவது இசைத்தட்டில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கினார். 82 ஹேட்ஸ் அளவில் ஒலிக்கும் தடித்த தந்தி 69 ஹேட்ஸுக்கு இறங்கியது. கோயில் திருவிழாக்களில் தவில்காரர் தம் வலதுகை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, விரலுக்கு ஓர் உறை செய்து இசையைத் தொடர்ந்த அந்த மனிதர் அந்நியராகத் தோன்றியதே இல்லை. அவரைப் பின்பற்றிச் சுருதியை இறக்குபவர்கள் தந்தி தொய்ந்துபோகாதிருக்க இன்று பெரும்பாலும் தடித்த தந்திகளைக் கட்டுகிறார்கள். தடித்த சுற்றின் இடுக்குகளில் அழுக்கு தங்க இடமும் அதிகம்.

வாசிப்பதற்கு முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடையுங்கள். கடலில் குளித்துவிட்டு வந்தால் நன்னீரில் முழுகிய பின்பே கிற்றாரைத் தொடுங்கள். வாசித்து முடித்ததும் பலமுறை தோய்த்து மென்மையான பழைய பருத்திச் சாரத்தின் துண்டொன்றைத் தந்திகளின் அடியில் செலுத்தி, ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துணியால் பற்றி முழு நீளத்துக்கும் இழுத்துத் துடையுங்கள். மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு விடுபவர்களின் தந்திகள் அடிப்புறத்தில் துருப்பிடித்து, விரற்பலகையிலுள்ள உலோகக் கட்டைகளையும் சேர்த்து அராவுகின்றன. கடல் பார்த்த யன்னலுக்கு எதிரே கிற்றாரைச் சுவரில் தொங்கவிடுவது பார்வைக்கு அழகாக இருக்கும். எங்கள் ஊரில் அது வேண்டாம், உறைப்பெட்டிக்குள் வையுங்கள். மாரியில் நான் மாதமொருமுறை தந்தி மாற்றுகிறேன், கச்சான் காலத்தில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கிறது; மாற்றிய திகதியைப் பெட்டியின் உள்மூடியில் எழுதிவைக்கிறேன். பூச்சிட்ட தந்திகள் விலை கூடியவையானாலும் கரையோரத்தில் அந்தக் காசு வீணாகாது.

பாலத்திலுள்ள சிறிய திருகாணிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவை துருவால் இறுகிவிட்டால் தந்தியின் உயரத்தைச் சரிசெய்யவே முடியாது. பலவந்தமாகத் திருகினால் ஆணியின் தலை மழுங்கிவிடும். வருடத்துக்கொருமுறை, ஆனியில், ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளியைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பூசி மறுபடி பூட்டுங்கள். விரற்பலகைக்கு அந்த எண்ணெயும் ஆகாது, வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயும் ஆகாது. தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும்.

கசெற்றுகள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. பெரியம்மாவின் மகனான அண்ணா நீலப் பேனையால் பாடற்பெயர்களை எழுதி, நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பதிந்துவைத்த கசெற்றுகள்தான் எனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தின. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தப் பொருளில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், ஒரு விநாடிக்கு அது 4.76 சென்ரிமீற்றர் மட்டுமே நகர்கிறது. 90 நிமிடக் கசெற்றொன்றுக்குள் ஏறத்தாழ 130 மீற்றர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இடையில் சிறு தூசிப்படலம் புகுந்தாலும் உயர்ந்த அதிர்வெண்கள்தாம் முதலில் மறைகின்றன. அதாவது சிம்பலின் பளபளப்பும் கிற்றாரின் கூர்மையும் போய்விடுகின்றன. ஹெட்டையும் அதனருகில் சுழலும் உலோகத் தண்டையும் ஏறத்தாழ பத்து மணிநேர ஓட்டத்துக்கொருமுறை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பாமசிகளில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டின் சில வகைகளில் எண்ணெய் கலந்திருப்பதால் அதைத் தவிருங்கள். இரப்பர் உருளைக்குச் சவர்க்கார நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும்.

எந்தக் கசெற்றையும் போடுவதற்கு முன், அதன் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ சிறு வட்டங்களோ தெரிந்தால் அது பூஞ்சணம். ஒரு மார்கழியில் நான் இதைப் பார்க்காமல் அண்ணாவின் கசெற்றொன்றை ஓடவிட்டேன். அதன் பூஞ்சணம் இயந்திரத்தில் ஒட்டி அடுத்துப் போட்ட இரண்டு கசெற்றுகளுக்கும் பரவியது. மூன்றில் ஒன்றை என்னால் மீட்க முடியவில்லை. பூஞ்சணம் பிடித்ததைத் தனிப் பைக்குள் சிலிக்கா ஜெல்லுடன் அடைத்து, கச்சான் காலம்வரை காத்திருங்கள். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, உலர்ந்த மென்துணியால் விளிம்பைத் துடையுங்கள். ஐந்து திருகாணி பூட்டிய கூடென்றால் திறந்து இரண்டு சுருள்களையும் புதிய கூடொன்றுக்கு மாற்றிவிடலாம். அப்படித் திறக்கும்போது நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டையும் பாருங்கள். அதைத் தாங்கும் செப்புத்தகடு உப்பில் பச்சைபிடித்திருந்தாலோ துண்டு விழுந்திருந்தாலோ, வெறுங்கசெற்றொன்றிலிருந்து எடுத்து மாற்றுங்கள். ஒலி மந்தமாகக் கேட்பதற்கு அந்தத் துண்டு இல்லாமல் போனதே பலமுறை காரணமாக இருக்கும்.

சேமிப்பதற்கு மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டிகளை வாங்கி, நாடாவை ஒரு பக்கம் முழுவதும் சுற்றி முடித்து, கசெற்றுகளை நிறுத்திவையுங்கள். ஸ்பீக்கருக்கு அருகில் வைக்க வேண்டாம். அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். நீலநிற வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ற்று குளோரைட்டு இருப்பதால் வீட்டுக்கு அது உகந்ததல்ல. செம்மஞ்சள் மணிகள் கரும்பச்சையாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டதென்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தாச்சியொன்றில் மிக மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டிருந்தால் பழைய நிறம் திரும்பும். அரிசியைக் கட்டி வைக்கலாமென்று சிலர் சொல்வார்கள். அது மிகக் குறைந்த ஈரத்தையே இழுக்கும், அதோடு வண்டையும் கொண்டுவந்துவிடும்.

ரீசேட்டுகளுக்குச் சொல்ல அதிகமில்லை. உட்புறம் வெளியே வரும்படி புரட்டிக் குளிர்நீரில் தோய்த்து, நிழலில் காயவைத்து, அச்சின்மீது நேரடியாக அயன் பண்ணாமல் இருந்தால் கறுப்பு நெடுநாள் நிற்கும். கடலில் நனைந்ததை அன்றே நன்னீரில் அலசுங்கள்.

இவ்வளவு செய்தும் நாடா ஒருநாள் முடிந்துபோகும். ஆகவே அரிய பதிவுகளைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பதியும் முன் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு சரிவுத் திருகாணியைக் கவனியுங்கள். வேறோர் இயந்திரத்தில் பதிந்த கசெற்று எங்கள் இயந்திரத்தில் மங்கலாகக் கேட்பது பெரும்பாலும் ஹெட்டின் சரிவு வேறுபடுவதால்தான். ஆணியின் பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துவிட்டு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எட்டில் ஒரு பங்குச் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, சிம்பல் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திப் பதியுங்கள். முடிந்ததும் குறித்த இடத்துக்கே திருப்புங்கள். 44.1 கிலோஹேட்ஸ், 16 பிற் அளவில் 90 நிமிடம் ஏறத்தாழ 950 மெகாபைற் பிடிக்கும். ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் பிளாக் (FLAC) கோப்பு வடிவில் அது குறையும். எனினும் இடைவெளியின்றி இரைந்துகொண்டிருக்கும் மெற்றல், வீணைக் கச்சேரியளவுக்குச் சுருங்கித் தராது. அண்ணாவின் 41 கசெற்றுகளை இவ்வாறு மாற்றி முடிக்க எனக்கு இரண்டு கச்சான் காலங்கள் எடுத்தன. ஒரு பிரதி என் கணினியிலும், இன்னொன்று கடலுக்கு எட்டாத தூரத்தில் வவுனியாவில் மச்சானுடைய அலுமாரியில் ஒரு வன்தட்டிலும் இருக்கிறது. உறையில் நீலப் பேனையால் எழுதிய பெயர்களையும் படமெடுத்து அதே கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறேன்.